சோதனைக்குப் போகும் கொய்யா இலைகள்

காலை வெயில் வாய்க்கால் தண்ணீரில் பட்டு, கொய்யா மரங்களின் அடியில் நெளிகிறது. எந்தச் சத்து குறைகிறதென்று இலையைச் சோதித்துச் சொல்ல வந்திருக்கும் ஆய்வுக்கூடத்துப் பெண் தோப்புப் படலருகே காத்து நிற்கிறாள். உள்வரிசை மரங்களெல்லாம் வெளிறி நிற்க, அடியில் பிஞ்சுகள் உதிர்ந்து கிடக்கின்றன. தோப்புக்காரர் தியாகேசனோ வாய்க்காலோரத்து மரத்தில் கரும்பச்சை இலைகளாகப் பார்த்துப் பறித்து, துண்டால் துடைத்துப் பையில் அடுக்குகிறார். வந்தவர்களுக்கு நல்லதாக எடுத்து வைக்கிற புத்தி அவருக்கு. பார்த்துக்கொண்டிருக்கும் அவர் மனைவி தர்மாம்பாள் கிட்டே வருகிறாள். "என்னங்க இது?" "அசலூர்ப் பொண்ணு. நம்ம தோப்பைக் கேவலமா நினைச்சிடக் கூடாதுல்ல." "காய்ச்சல்காரிய வீட்ல படுக்கப் போட்டுட்டு, அவ தங்கச்சிய ஊசி போட அனுப்புவீங்களா?" "மெதுவாப் பேசுடி, அந்தப் பொண்ணு காதுல விழுது." "விழட்டும். தப்பா உரம் வச்சு இந்தக் காய்ப்பும் போனா, உங்க கவுரவத்தைத் தட்டுல போட்டுத் திங்கலாம்." பையைப் பிடுங்கி அவர் காலடியில் கவிழ்க்கிறாள். மினுங்கும் இலைகள் சேற்றில் ஒட்டுகின்றன. அவர் குனிந்து பொறுக்கப் பார்க்கிறார். அதற்குள் அவள் வெளிறிய வரிசைக்குள் நுழைந்து, நரம்பு மட்டும் பச்சையாய் நிற்கும் மஞ்சள் இலையைக் காம்போடு கிள்ளியபடி கத்துகிறாள்: "இங்க வாம்மா! எங்க மரம் சாவறது இங்கதான்."