மரத்துப்போகும் ஊசி

கருத்தடைக்குக் காப்பர் டி போட வரும் பெண்களிடமெல்லாம், "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்மா" என்று பதினோரு வருடமாகச் சொல்லி வந்தவள் நர்ஸ் ஜெயசீலி. ஒரு வெள்ளிக்கிழமை அவளே காப்பர் டி போட்டுக்கொள்ள அந்த மேஜையில் படுக்க வேண்டி வந்தது. கருவி உள்ளே போனதும் அடிவயிற்றை யாரோ முறுக்கிப் பிழிவது போலிருந்தது.

"மரத்துப்போற ஊசி ஒண்ணு போடுங்க டாக்டர்..."

"இதுக்கெல்லாம் யாரு ஊசி போடுறா? உங்களுக்குத் தெரியாததா சிஸ்டர்?" என்றார் டாக்டரம்மா.

வெளியே காத்திருப்பவர்கள் பயந்துவிடக் கூடாதே என்று ஜெயசீலி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் பல் பிரிவுக்குப் போய் மரத்துப்போகும் மருந்து இரண்டு குப்பி கேட்டு வாங்கி வந்தாள். டாக்டரம்மா அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. "இருபது பேர் நிக்கிறாங்க சிஸ்டர், நேரம் எங்க இருக்கு?" என்று கையுறையை மாட்டிக்கொண்டார்.

முதலில் வந்தவள் முத்துநகை. இருபத்திரண்டு வயது. மூன்றாவது பிள்ளையை வெளியே அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். மேஜையில் படுத்ததும், "வலிக்குமாக்கா?" என்று கேட்டாள்.

ஜெயசீலிக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "வலிக்கும்மா. ரொம்பவே வலிக்கும். வேண்டாம்னா எறங்கிப் போயிடு."

முத்துநகை இறங்கவில்லை. "எறங்கி எங்கக்கா போக? இன்னொண்ணு வயித்துல நின்னா நான் பொழைக்க மாட்டேன்."

ஜெயசீலி கையை நீட்டினாள். முத்துநகை அதைப் பிடிக்கவில்லை. மேஜையின் இரும்புக் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டு கண்ணை மூடினாள்.