கொப்புள வைத்தியம்

ஒரு வீட்டிலே ஒரு குரோஷா ஊசி இருந்ததாம். தலை கொஞ்சம் வளைந்த ஊசி. மலையூருக்கு மாற்றலாகிப் போகிற கணவனுக்காக உமையாள் அதைக்கொண்டு சாம்பலும் அரக்குமாக இரண்டு நிறத்தில் ஒரு மஃப்ளர் பின்னினாள். மேலெல்லாம் சுண்டைக்காய் சுண்டைக்காயாக மொட்டுகள். ஒவ்வொரு மொட்டுக்கும் ஊசி ஐந்து தடவை முங்கி எழுந்தது. பத்தொன்பது நாள் பாடு.

அவன் கிளம்புகிற அன்று ஊசி ஆசையாய் எட்டிப் பார்த்தது. மஃப்ளர் அப்பளம்போலத் தட்டையாகக் கிடந்தது. ஒரு மொட்டைக்கூடக் காணோம்.

பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது.

"அண்ணே, இதுக்கு என்ன ஆச்சு?"

"பாவம் தம்பி, உடம்பெல்லாம் கொப்புளமா இருந்துச்சு. அப்படியேவா ஊருக்கு அனுப்புறது? ஒண்ணு விடாம அமுக்கிவிட்டுட்டேன்."

"அது கொப்புளம் இல்லைண்ணே..." ஊசி சொல்லி முடிக்கவில்லை.

"விடு, இதுக்கெல்லாம் நன்றி சொல்லாதே" என்ற இஸ்திரிப் பெட்டி, அப்போதுதான் ஊசியை உற்றுப் பார்த்தது.

"அடடா, உனக்குத் தலையே வளைஞ்சில்ல இருக்கு. இத்தனை நாளா சொல்லவே இல்லையேப்பா. சூடு இன்னும் ஆறலை. வா, இப்படிப் படு."