நாற்பத்தேழு வந்திருக்கான்

“இது கெமிஸ்ட்ரி வகுப்புதானே?” என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை.

பக்கத்தில் இருந்த பெண் அவனை மேலும் கீழும் பார்த்தாள். “புது அட்மிஷனா?”

“இல்லைங்க. ஆரம்பத்துலேர்ந்தே இந்த வகுப்புதான்.”

ஜோக்கடிக்கிறான் என்று நினைத்து அவள் சிரித்தாள். உண்மையைத்தான் சொல்லியிருந்தான், பாவம். விடியும் முன்பே பேக்கரியில் மாவு பிசைந்து, கடை கடையாக ரொட்டி போட்டுவிட்டு ஓடி வருவதற்குள், மூன்று பிரிவும் சேர்ந்து உட்காரும் இந்த முதல் வகுப்பு தினமும் முடிந்திருக்கும். மற்ற வகுப்புகளில் சுவரோரம் சாய்ந்து தூங்குகிறவனை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? மாலையில் கூரியர் வேலை வேறு.

பழகிய முகம் என்று ஒன்றே ஒன்றுதான், யார் குரலிலும் பேசுவதால் ‘மிமிக்ரி’ என்று பட்டப்பெயர் வாங்கிய ரூம்மேட். முதல் வகுப்பில் இவனுக்கும் சேர்த்து அட்டெண்டன்ஸ் சொல்கிற புண்ணியவான். அது இல்லாவிட்டால் பரீட்சை எழுதவே விட மாட்டார்கள்.

இன்று பேக்கரி அடுப்பு ரிப்பேர், அதனால் லீவு. காலையில் இவன் கிளம்புவதைப் பார்த்து மிமிக்ரி போர்வைக்குள் இருந்தபடியே சிரித்தான். “வகுப்புக்கு வரப் போறியா? அப்போ மூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் பேசு.” வழக்கமான கிண்டல்தானே என்று இவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“இன்னிக்கு ப்ராஜெக்டுக்குக் குழு பிரிக்கிறாங்க,” என்றாள் அந்தப் பெண். “எங்க குழுவுல ஒரு ஆள் குறையுது, வர்றியா? கேன்டீன்ல உட்கார்ந்துதான் செய்வோம். பாதி நேரம் அரட்டைதான்.”

கல்லூரிக்கு வந்ததிலிருந்து ‘வர்றியா’ என்று அவனை யாரும் கேட்டதில்லை. வேகவேகமாகத் தலையாட்டினான். சந்தோஷத்தில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

பேராசிரியை வந்தார். குனிந்த தலை நிமிராமல் நம்பர்களை அழைத்துக்கொண்டே போனார்.

“நாற்பத்தேழு.”

“பிரசன்ட் மேடம்,” என்றான் கணீரென்று.

அவர் நிமிர்ந்தார். “யாரது? எழுந்திரு. யாருக்குக் குரல் குடுக்கற?”

“எனக்குத்தான் மேடம். நான்தான் நாற்பத்தேழு.”

“என்கிட்டயே கதை விடறியா? நாற்பத்தேழு குரல் எனக்குத் தெரியாதா? தினம் கேக்கறேனே.”

அவன் கை சட்டைப் பைக்குப் போனது. உள்ளே ஐ.டி. கார்டு இருந்தது, எடுத்து நீட்டினால் போதும். ஆனால் நடு வரிசையில் மிமிக்ரி முகம் வெளிறி, கையெடுத்துக் கும்பிடாத குறையாக அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கார்டு வெளியே வந்தால், இத்தனை நாள் குரல் கொடுத்தது யார் என்ற கேள்வியும் வரும். மிமிக்ரியும் மாட்டுவான், இவன் பரீட்சையும் போகும். கையை வெறுமனே வெளியே எடுத்தான்.

“தப்புதான் மேடம். ப்ராக்ஸி குடுத்தேன்.”

“வெளியே போ.”

பக்கத்துப் பெண் தன் பையைத் தூக்கி அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் வைத்தாள். யாரையும் பார்க்காமல் நடந்தவனை, வாசலருகே பேராசிரியை நிறுத்தினார். கைப்பையைத் துழாவி ஒரு மாத்திரைப் பட்டையை எடுத்து நீட்டினார். குரலில் கோபம் இறங்கியிருந்தது.

“நாற்பத்தேழு உன் ஃப்ரெண்டுதானே? இதை அவன்கிட்ட குடு. செமஸ்டர் பூரா மூக்கடைச்ச குரல்லயே பிரசன்ட் சொல்றான். இன்னிக்கு எழுந்திரிக்கவே முடியலை போல.”

வாங்கிக்கொண்டான். “சரி மேடம்.”

“கூட இருந்து பாத்துக்கப்பா. பாவம், அவனுக்கு யாருமே இல்லை போல.”