நெஞ்சில் தட்டும் மிஷின்

"காது மிஷின்ல செல் தீரப் போனா சத்தமும் வரக்கூடாது, வெளிச்சமும் வரக்கூடாது. எனக்கு மட்டும் தெரியணும்" என்றார் உத்திராபதி. பெண்ணின் அப்பாவுக்குக் காது கேட்காது என்று தெரிந்தால், பெண் பார்க்க வருகிறவர்கள் பாதி வழியிலேயே பஸ் மாறிவிடுவார்களே!

பெரம்பலூர் ரேடியோ மெக்கானிக் அழகேசன், மிஷினுக்குள் ஒரு சின்னத் தகட்டைப் பொருத்தினான். செல் தீரும்போது நெஞ்சில் மெல்லத் தட்டும். "பக்கத்துல உக்காந்திருக்கறவருக்கும் தெரியாதுங்க."

தா.பழூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மிஷின் சட்டைக்குள், வயர் தலைப்பாகைக்குள். பேச்சு சூடுபிடித்த நேரத்தில் நெஞ்சில் தட்டியது. சபை நடுவே எழுந்தால் மரியாதையா? உட்கார்ந்தே இருந்தார். மிஷின் அடங்கிவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா பழனிவேல் வாயசைத்ததற்கெல்லாம் உத்திராபதி தலையாட்டினார். இவர் ஏதோ பேச, அவரும் பதிலுக்குத் தலையாட்டினார். தாம்பூலம் மாறியது.

செல் மாற்ற உத்திராபதி கொல்லைப்பக்கம் ஓடினார். அங்கே பழனிவேல், தலைப்பாகையை அவிழ்த்துப் போட்டுவிட்டுத் தன் காது மிஷினுக்குச் செல் மாற்றிக்கொண்டிருந்தார்.

உத்திராபதியும் அவசரமாக மாற்றிக்கொண்டு கேட்டார்: "அழகேசன் வேலைங்களா?"

"ஆமாங்க."

"அது கெடக்கட்டும் சம்பந்தி. கல்யாணம் என்னைக்குன்னு சொன்னீங்க?"

"நான் எங்கங்க சொன்னேன்? நீங்க சொன்னதுக்குத்தானே தலையாட்டுனேன்!"