நாலு கதவு

வரைபடத்தில் செண்பகம் தன் வீட்டு வாசலைத் தேடிக்கொண்டிருந்தாள்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தாள். இறக்கிப் பார்த்தாள். ஹால் இருந்தது. அடுக்களை இருந்தது. அறைக்கு ஒன்றாகக் குளியலறை இருந்தது. கடைசியில் ஒரு மூலையில், லிஃப்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாசலும் இருந்தது.

எதிரே சுவர்.

அடக் கண்றாவியே, என்று வாய்விட்டே சொன்னாள்.

படம் போட்டவள் வேறு யாருமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து டீ ஆற்றிக்கொண்டிருந்த சொந்த மகள், பூங்கோதை.

பழைய ஹவுசிங் போர்டு கட்டடத்தை இடித்துவிட்டுப் பதினாலு மாடி கட்டப்போகிறார்கள். நம்ம பிளாக்கில் வளர்ந்த பெண் ஆர்க்கிடெக்டாக இருக்கும்போது வெளியாள் எதற்கு என்று சங்கத்தில் எல்லோரும் ஒரே குரலாகச் சொன்னார்கள். சம்மதக் கடிதத்தில் மற்ற எல்லா வீட்டுக் கையெழுத்தும் விழுந்தாயிற்று. எதிர்வீட்டு மெஹருன்னிசா படத்தைப் பார்க்கக்கூட இல்லை. நம்ம பிள்ளை போட்டது தப்பாகவா இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிட்டாள்.

பாக்கி இவள் ஒருத்திதான். இவள் போடாமல் ஒரு செங்கல்கூட அசையாது.

"மெஹரக்கா வாசல் எங்கடி?"

மகள் விரல் வைத்துக் காட்டினாள். அது அந்தக் கோடியில் இருந்தது.

சரிதான். நாற்பது வருஷம் எதிரும் எதிருமாக இருந்தவர்களை ஆளுக்கொரு மூலைக்குத் தள்ளியாயிற்று.

கல்யாணமாகி இவள் முதலில் போனது மாமனாரின் மூன்று கட்டு வீடு. பெண்கள் இரண்டாம் கட்டைத் தாண்டக் கூடாது. ஆறு வருஷம் அங்கே இருந்தாள். தபால்காரரின் குரல் தெரியும். முகம் தெரியாது.

பிறகு குலுக்கலில் இந்த வீடு விழுந்தது.

இரண்டே அறை. பீரோவை வைத்தால் கட்டிலுக்கு இடமில்லை, கட்டிலை வைத்தால் பீரோவுக்கு இடமில்லை. ஆனால் கதவைத் திறந்தால் மனுஷ முகம். படியேறி வந்தால் நாலு பேர் நிற்கிற அளவுக்கு ஒரு இடம், அதைச் சுற்றி நாலு கதவு. யாருக்குப் பக்கத்தில் யார் என்பதைச் சாதியும் தெருவும் முடிவு செய்யவில்லை. டப்பாவுக்குள் கையை விட்டுச் சீட்டு எடுத்த யாரோ ஒரு அதிகாரி முடிவு செய்தார்.

மாமனார் வந்து பார்த்தார். எதிர்வீட்டுக் கதவில் இருந்த பெயரைப் படித்தார். ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் இறங்கிப் போய்விட்டார்.

போனால் போகட்டும் என்று விட்டாள். அன்றைக்கே வாசலில் நின்று தலை வாரினாள். அப்பாடா, என்ன சுகம்!

மெஹருன்னிசா கடைக்குப் போனால் அவள் வீட்டுக் குக்கர் விசிலை இவள் எண்ணுவாள், மூன்று ஆனதும் போய் அணைப்பாள். ஃபோன் இருந்தது ஒரு வீட்டில், நாலு வீட்டுக் கல்யாணப் பத்திரிகையிலும் அந்த நம்பர்தான். இவள் பிரசவத்துக்குப் போனபோது வீட்டுக்காரருக்கு மூன்று வீட்டுச் சாப்பாடு. திரும்பி வந்து பார்த்தால் மனுஷனுக்குச் சட்டைப் பொத்தான் மாட்டவில்லை.



பென்சிலை எடுத்தாள். தன் வாசலை அடித்தாள். மெஹருன்னிசாவின் வாசலுக்கு நேர் எதிரே ஒரு வாசல் போட்டாள். கோடு கோணலாக வந்தது.

"இங்க வை. அப்பத்தான் கையெழுத்து."

மகள் டீயைக் கீழே வைத்தாள்.

"அது தெரியாமப் போடலம்மா. எந்த வாசல்ல நின்னாலும் இன்னொரு வாசல் தெரியக் கூடாதுன்னு மூணு மாசம் உக்காந்து போட்டேன்."

"ஏண்டி, அப்படி என்ன பகை உனக்கு? அன்னிக்கு மெஹரக்கா கதவு திறந்திருக்கலன்னா உன் கதி என்ன ஆகியிருக்கும்?"

சொன்ன பிறகுதான் உறைத்தது. இருபது வருஷமாக வீட்டில் யாரும் எடுக்காத பேச்சு.

அப்போது மகளுக்குப் பத்தொன்பது வயது. கூடப் படிக்கிற பையன் ஒருவன் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டான். மூன்றாவது வீட்டு வாத்தியார் பார்த்தார். பார்த்தவர் சும்மா இருப்பாரா? படியேறி வந்தவளை அப்பா நாலு கதவுக்கும் நடுவிலேயே வைத்து அடித்தார். முடியைப் பிடித்து அடித்தார். மெஹருன்னிசாதான் பாய்ந்து வந்து பிள்ளையைத் தன் வீட்டுக்குள் இழுத்துக்கொண்டாள்.

"மெஹரம்மா வந்தாங்க. இல்லேங்கல." மகள் குரலை உயர்த்தவில்லை. "நீ கதவைச் சாத்தினியேம்மா."

ஆமாம். சாத்தினாள்.

நாலு வீடும் பார்க்கிறதே, மானம் போகிறதே என்று ஓடிவந்து கைபோன போக்கில் சாத்தினாள். தாழ்ப்பாளும் போட்டாள். போட்ட பிறகுதான் புரிந்தது, அடிபடுகிறவள் வெளியே நிற்கிறாள் என்று.

புரிந்தும் திறக்கவில்லை.

வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. யாரும் இவளை ஒரு வார்த்தை கேட்டதில்லை. மறந்துவிட்டார்கள் என்றே நினைத்திருந்தாள்.

"பயந்துட்டேன்டி," என்றாள். "உங்கப்பாவுக்கு இல்ல. அவங்கள்லாம் பார்க்கிறாங்களேன்னு."



இவளே கடிதத்தை இழுத்து, தன் பெயர் இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

அன்றைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மகள், இப்போது குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

எதிர்வீட்டு வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மெஹருன்னிசா நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னா செண்பகம், புள்ள அழுவுது?"

"ஒண்ணுமில்லக்கா."

எழுந்து வாசலுக்குப் போனாள். மகள் உள்ளே இருக்கிறாளா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

கதவைச் சாத்தினாள்.