நாலு கண் தலைவி

“விளக்கைத்தானே போடக் கூடாது? மெழுகுவத்திக்கு என்ன தடை?” விபேக்கே தீக்குச்சியை உரசினாள். “நவம்பர் மாசத்துல மெழுகுவத்தி இல்லாம காப்பி எப்படி இறங்கும், சொல்லு?”

யெப்பேவுக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

டென்மார்க்கில் நவம்பர் என்றால் நாலு மணிக்கே வெளியே இருட்டு. அவர்கள் இருந்த சின்ன அறையின் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. அந்தப் பக்கம், பொம்மைக் கம்பெனியின் விளையாட்டறை. எட்டு வயது சிக்னேயும் அஸ்டாவும் தரையில் உட்கார்ந்து, யெப்பே வடிவமைத்த விண்கலத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த அறை இருட்டாக இருக்கும்வரை அவர்களுக்கு அது வெறும் முகம் பார்க்கும் கண்ணாடி. இங்கிருந்து எல்லாம் தெரியும். பேச்சு ஒலிபெருக்கியில் கேட்கும்.

இரண்டு வருட உழைப்பு. ஆயிரத்து நூறு கட்டைகள். பிள்ளைகளின் கற்பனையைக் கிளப்பினால் கடைக்குப் போகும், இல்லாவிட்டால் அலமாரிக்கு. பத்துக்கு எட்டு வேண்டும். மதிப்பெண் போடுகிறவள் விபேக்கே.

“முடிஞ்சிருச்சு,” சிக்னே கொட்டாவி விட்டாள். “இப்ப என்ன பண்றது?”

“பறக்க விடலாம்.”

“போன பொறந்த நாளைக்கு வந்ததும் இப்படித்தான்டி பறந்துச்சு. இதுக்கு மூக்கு கொஞ்சம் பெருசு. அவ்வளவுதான்.”

விபேக்கே தாளில் ‘நான்கு’ என்று எழுதினாள்.

“கொஞ்சம் பொறு, விபேக்கே! இன்னும் கால் மணி நேரம் இருக்கு.”

“நான் எங்க ஓடிப் போறேன்? வெள்ளிக்கிழமை கேக் கொண்டு வர்றது இன்னைக்கு உன் முறையா? நீயே சுட்டதா?”

“ஆமா.”

“உன் விண்கலத்தை விட இது நல்லா வந்திருக்கு.” மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இரண்டாவது துண்டை எடுத்தாள்.

யெப்பே பேனாவின் வாலைக் கடிக்க ஆரம்பித்தான்.

“ஏய், அந்த விளக்கை அணை,” என்றாள் அஸ்டா. “விண்வெளின்னா இருட்டா இருக்கணும்ல?”

விளையாட்டறை இருண்டது. விண்கலத்தின் வயிற்றில் நீலக் கட்டைகள் மட்டும் மங்கலாக ஒளிர்ந்தன.

“பாத்தியா! ஒளிர்ற கட்டை எதுக்குன்னு கேட்டியே?” என்றான் யெப்பே.

விபேக்கே வாயைத் திறப்பதற்குள் ஒலிபெருக்கியில் சிக்னேயின் கிசுகிசுப்பு கேட்டது. “அஸ்டா... நாம ஏதோ கிரகத்துல இறங்கிட்டோம். ரெண்டு வேற்றுக்கிரகவாசி இருக்காங்க!”

“அட ஆமா! மஞ்சளா மினுங்குறாங்க!”

“வா, நாம அவங்களைச் செய்யலாம்.”

விண்கலத்தைப் பிய்க்கும் சத்தம் கடகடவென்று கேட்டது. இருட்டில் இரண்டு சின்னத் தலைகள் நிமிர்வதும் குனிவதுமாக இருந்தன. விபேக்கே முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“தலைவிக்கு எத்தனை கண்ணு?”

“நாலு. நெத்தியில ரெண்டு, கீழ ரெண்டு.”

“இன்னொருத்தனுக்கு?”

“அவனுக்கு வாயில வால் முளைச்சிருக்கு. பயம் வந்தா கடிச்சுக்குவான்.”

“பாவம்டி. தலைவி என்ன பண்றா?”

“திங்குறா. இது மூணாவது தடவை. அவனுக்கு ஒரு துண்டு குடுக்கல.”

“அச்சு அசல் என் மாமியார்!” விபேக்கே வாய் நிறையக் கேக்கோடு சிரித்தாள்.

“அவங்க ஏன் வெளிய வர மாட்டேங்கிறாங்க?”

“நம்மளைப் பாத்தா பயம். நாமதானே அவங்களுக்கு வேற்றுக்கிரகவாசி.”

விபேக்கேயின் கை மேசையில் ஓங்கித் தட்டியது. “கேட்டியா யெப்பே? எட்டு வயசு! எங்கேருந்து வருது இவ்வளவு யோசனையும்? நாலு கண்ணாம், வாயில வாலாம்!” நான்கை அடித்துவிட்டுப் பெரிதாகப் பத்து என்று எழுதினாள். “இருபது வருஷமா இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன், இப்படி ஒரு கற்பனையைப் பாத்ததில்ல. கடைக்கு அனுப்பு, போ!”

யெப்பேவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. பேனாவை வாயிலிருந்து எடுத்தான். அந்த மூச்சிலேயே மெழுகுவத்தியை ஊதி அணைத்தான்.

“அய்யய்யோ!” ஒலிபெருக்கியில் அஸ்டா அலறினாள். “சிக்னே, கண்ணாடியைப் பாரு! நாலு கண் தலைவியையும் வால்காரனையும் காணோம்!”