மாட்டுக்கு எதுக்கு ஃபேன்?

கொல்லையில் இன்னொரு வீடு கட்ட அனுமதி வேண்டும், மாட்டுக்கொட்டகைக்கு வேண்டாம் என்பது அந்த ஊர் விதி. ஆகவே தணிகாசலம், வாடகை வீட்டில் அல்லாடும் மகளுக்காக டைல்ஸ் பதித்து, மின்விசிறி மாட்டி, ஒரு மாட்டுக்கொட்டகை கட்டினார். கிரகப்பிரவேசத்துக்கு முதலில் பசுவை உள்ளே அழைத்த நேரம் பார்த்து, கட்டட ஆய்வாளர் ஜீப்பில் வந்து இறங்கினார்.

“என்னய்யா இது?”

“கொட்டகைங்க. மாடு நிக்குது பாருங்க.”

பசு மாலையும் குங்குமமுமாக நின்றது.

“மாட்டுக்கு எதுக்குய்யா ஃபேன்?”

“ஈ மொய்க்குதுங்க.”

“பட்டுப்புடவையில இந்தம்மா?”

“பால் கறக்க வந்த என் பொண்ணுங்க.”

ஆய்வாளர் தொண்டையைச் செருமினார். “சட்டத்துக்கே காது குத்துறியா? நாளைக்கே இடிச்சுத் தள்ளுறேன்.”

அந்த நேரம் பசு டைல்ஸின் நடுவே சாணி போட்டது. பெண்கள் குலவையிட்டார்கள்.

“இதுக்கு மேல என்னங்க அத்தாட்சி வேணும்?” என்றார் தணிகாசலம்.

பசுவை வாடகைக்கு ஓட்டிவந்திருந்த பரசு வாசலிலிருந்து எட்டிப் பார்த்தான். “அட, நம்ம சாரு! நாளைக்கு உங்க கொல்லை வீட்டுக்கும் இதே பசுதாங்க. விடியறதுக்குள்ள ஓட்டியாந்துடட்டுங்களா?”

ஆய்வாளர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

“ஈ நிஜமாவே அண்டுறதில்லீங்களா?” என்றார்.